யாருமில்லாத தீவு

ஒரு படம். அதில் ஏழெட்டு வகை நீலம். கண் கூசுகிற வெள்ளை மணல். தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் நிற்கிற ஒரு குடில். அதன் படியில் நான்கு பாதங்கள், அதில் இரண்டில் மருதாணி. சுற்றி யாருமே இல்லை.

மாலத்தீவுக்குப் போய்வந்த எந்த ஜோடியின் செல்போனிலும் இந்தப் படம் இருக்கும். போக ஆசைப்படுகிற எந்த ஜோடியின் மனசிலும் இருக்கும். படம் அழகுதான். அதில் குறை ஒன்றும் இல்லை. "சுற்றி யாருமே இல்லை" என்கிற அந்த ஒரு விஷயத்தில்தான் வில்லங்கம்!

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். சின்னத் தீவு ஒன்றுக்கு ஜோடியாகப் போகிறவர்கள், முதல் இரண்டு மூன்று நாட்களையாவது மனிதர்கள் குடியிருக்கிற தீவில் கழிக்க வேண்டும். ரிஸார்ட் ஆசை இருந்தால் அதற்கு அப்புறம் தாராளமாகப் போகட்டும். ஏன் இந்த வரிசை? அதைச் சொல்லக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் கதையும் வேண்டும்.

முதலில் கணக்கு

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். ஊர்மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. குத்தகைக்கு விடப்பட்டு ரிஸார்ட் ஆனவை 170-க்கும் மேல். 2022 கணக்கெடுப்பின்படி, வேலைக்கு வந்த வெளிநாட்டவரையும் சேர்த்து, அங்கே வசிப்பவர்கள் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். 2024-இல் மட்டும் வந்து போன சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். அதாவது வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு நான்கு விருந்தாளிகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நான்கு விருந்தாளிகளும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பும்படிதான் அந்த நாட்டின் சுற்றுலா வெகு காலம் நடந்தது. முதல் ரிஸார்ட் 1972-இல் திறந்தது. பெயர் குரும்பா. திவேகி மொழியில் இளநீர்க் காய்க்கு அந்தப் பெயர். தமிழில் குரும்பை என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்குச் சொந்தக்காரச் சொல் மாதிரியே ஒலிக்கிறது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு தீவு, ஒரு ரிஸார்ட். ஆளில்லாத தீவாகப் பார்த்துக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்காரர் அங்கேயே இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அப்படியே விமானம் ஏறிப் போய்விடுவார். ஊர்மக்கள் வாழும் தீவில் இராத்தங்க அவருக்கு அனுமதி இல்லை. 2009 வாக்கில்தான் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ஊர்த்தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்தலாம் என்று ஆனது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முழுக்க முழுக்க இஸ்லாமிய நாடு. மது கூடாது, பன்றி இறைச்சி கூடாது. ஆனால் வருகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். காசும் வர வேண்டும், ஊரும் மாறக்கூடாது. அதனால் நடுவில் கடலையே சுவராக எழுப்பிவிட்டார்கள். அரசாங்கக் கோணத்தில் பார்த்தால் கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அதன் பக்கவிளைவாக உலகம் முழுவதற்கும் ஒரு கற்பனை விற்கப்பட்டது. தீவு என்றால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்கிற கற்பனை.

இனி கதை

ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஏழு மாதம். இருவருக்கும் வேலை. கெஞ்சிக் கூத்தாடி ஆறு நாள் லீவு வாங்கியிருக்கிறார்கள். கையிருப்பைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ரிஸார்ட்டில் இரண்டு ராத்திரிக்கு மேல் தாங்காது. எனவே முதல் மூன்று ராத்திரி மாஃபுஷி என்கிற ஊர்த்தீவில், கடைசி இரண்டு ராத்திரி ரிஸார்ட்டில். இதில் மாஃபுஷி, காசை மிச்சம் பிடிக்கிற பாதி. ரிஸார்ட்தான் ஆசைப்பட்ட பாதி. இவர்கள் நிஜ ஆட்கள் இல்லை. இப்படிப் போய்வரும் பல ஜோடிகளைச் சேர்த்துப் பிசைந்து செய்த ஒரு ஜோடி என்று கொள்ளலாம். அவர்கள் காலடியில் இருக்கிற தீவு மட்டும் நிஜம்.

முதல் நாள்

விமானம் இறங்குகிற இடமே ஒரு தனித் தீவு. பெயர் ஹுல்ஹுலே. விமான நிலைய வாசலைத் தாண்டினால் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பதில் படகுத்துறை. பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே பச்சைக் கடல்! தலைநகர் மாலே பக்கத்துத் தீவு. 2018-இல் பாலம் வந்த பிறகு அங்கே காரிலேயே போகலாம்.

ரிஸார்ட்டுக்கு நேரே போகிறவர்களில் பலருக்கு முதல் நாள் இங்கேயே சிக்கிக்கொள்ளும். தூரத்து ரிஸார்ட்டுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் வந்து இறங்குகிறவர்கள் ஒரு ராத்திரி மாலே பக்கம் எங்காவது தங்கித்தான் ஆக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் இன்னொரு வேடிக்கை. பல ரிஸார்ட்டுகளில் கடிகாரமே மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். விருந்தாளிகளுக்குச் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று அப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள். தனித் தீவு போதாதென்று தனி நேரமும்!

நம் ஜோடி மாலேயிலிருந்து மாஃபுஷிக்குப் படகில் போகிறது. தெற்கே 27 கிலோமீட்டர். அரசுப் படகில் ஒன்றரை மணி நேரம். ஸ்பீட் போட்டில் அரை மணியிலிருந்து முக்கால் மணி, ஆனால் கட்டணம் பல மடங்கு. இங்கே படகுக்குப் பெயர் தோனி. "ஏம்ப்பா, நம்ம தோணிதானே இது?" என்று அவள் கேட்கிறாள். அவன் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறான்.

மாஃபுஷி நீளத்தில் ஒன்றேகால் கிலோமீட்டர், அகலத்தில் கால் கிலோமீட்டர். இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கட்டடங்கள். பல மாடி ஓட்டல்கள், கடைகள், ஒயர்கள், மோட்டார் சைக்கிள்கள். அந்தப் படத்தில் இருந்த தீவு இது இல்லையே என்று இருவருக்கும் முகம் வாடுகிறது. சாயங்காலத்துக்குள் விதிமுறைகளும் தெரிந்துவிடுகின்றன. மது கிடையாது. வேண்டுமென்றால் கடலில் நங்கூரம் போட்டிருக்கிற மிதக்கும் பாருக்குப் படகில் போய்வர வேண்டும். நீச்சலுடைக்கென்று மறைப்புக் கட்டிய ஒரு தனிக் கடற்கரை. மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தொழுகை நேரத்தில் கடைகள் கொஞ்ச நேரம் மூடும்.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரியவருகிறது. நாட்டின் பெரிய சிறைச்சாலை இதே தீவில்தான் இருக்கிறது. 2003 செப்டம்பரில் ஹசன் எவன் நசீம் என்கிற 19 வயதுக் கைதி இந்தச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டான். செய்தி பரவி மாலே தெருக்களில் கலவரம் வெடித்தது. பல வருஷம் அசையாமல் இருந்த ஆட்சியைக் கேள்வி கேட்கிற போராட்டங்கள் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தன. 2008-இல் முதல் பல கட்சித் தேர்தல் நடந்து ஆட்சியும் மாறியது. தேனிலவுக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று தோன்றலாம். ஆனால் ஒரு நாட்டுக்கு விருந்தாளியாகப் போனால் அந்த வீட்டில் நடந்த துக்கமும் காதில் விழத்தானே செய்யும்?

இரண்டாம் நாள்

மழை. வெள்ளிக்கிழமை வேறு. அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடாத நாள். ஊர் மொத்தமும் ஜும்மாவுக்குப் போய்விட்டது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது மே முதல் அக்டோபர் வரை, கட்டணம் குறைவாக இருப்பதன் ரகசியம் இப்போது புரிகிறது!

சின்னத் தீவில் ஜோடியாகப் போகிறவர்களுக்கு இரண்டாம் நாள்தான் கண்டம். முதல் நாள் பயண அலுப்பில் போய்விடும். இரண்டாம் நாள் விடிந்ததும் செய்ய ஒன்றும் இருக்காது. மால் கிடையாது, பார்த்தே ஆக வேண்டிய கோபுரமோ கோட்டையோ கிடையாது, கிளம்பிப் போக வேறு ஊரும் கிடையாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது நிமிஷ நடை. கல்யாணமான நாளிலிருந்து அலுவலகம், உறவுக்காரர், டிவி, டிராஃபிக் என்று இடையில் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது. இப்போது இடையில் ஒன்றும் இல்லை. சண்டை வரும்.

"நீதானே இந்தத் தீவைப் பாத்துப் புக் பண்ணே?"

"காசு கம்மியா இருக்கணும்னு சொன்னது யாரு?"

இப்படி அரை மணி நேரம். அப்புறம் ஒரு மணி நேர மௌனம். ரிஸார்ட்டாக இருந்தால் இந்த இடைவெளியை நிரப்பப் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். ஸ்பா, மசாஜ், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டின்னர், பூ தூவிய படுக்கை. எல்லாம் அழகுதான். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வந்துவிட்டு, யாரோ ஒருவர் ஏற்பாடு செய்த காதலைப் பார்த்துவிட்டுப் போவது போல ஆகிவிடுகிறது. ஊர்த்தீவில் அந்த வசதி இல்லை. சலிப்பு வந்தால் கதவைத் திறந்து தெருவுக்குத்தான் போக வேண்டும்.

அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மழை விட்டதும் நடக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய இருக்கை. ஜோலி என்று பெயர். நாற்காலிக்கும் தூளிக்கும் நடுவில் ஒரு ஜென்மம். சாயங்காலமானால் பெரியவர்கள் அதில் சாய்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர்களை விசாரிக்கிறார்கள். தெருவில் பூனைகள் ஏராளம். நாய் ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் நாய் வளர்க்கத் தடை. அரை மணி நேரம் நடந்த பிறகுதான் "என்னமோ குறையுதே" என்று இருவருக்கும் அது உறைக்கிறது. சிரித்துக்கொள்கிறார்கள். சண்டை முடிந்தது.

தண்ணீர்

தங்கியிருக்கும் வீட்டில் பல் துலக்கும்போது தண்ணீர் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்கப் போய், இன்னொரு கதை வருகிறது. பவளத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழை பெய்தால் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். நல்ல தண்ணீர் லேசானது, அதனால் மிதக்கிறது. அளவாக இறைத்தால் கிணற்றில் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். கழிவுநீர்த் தொட்டி கசிந்தால் அதுவும் அதே படலத்தில்தான் கலக்கும். பல தலைமுறை மழைநீரைப் பிடித்தும் இந்தப் படலத்தை நம்பியும் வாழ்ந்தது. இன்று பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதற்கு இயந்திரம், இயந்திரத்துக்கு டீசல், டீசலுக்குக் கப்பல்.

2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. லட்சத்துக்கும் மேல் மக்கள் வசிக்கிற தலைநகரில் ஒரே நாளில் குழாய்கள் வறண்டன. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிதண்ணீர் அனுப்பியது. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு வாய் இல்லை. இது தெரிந்த பிறகு, அரை மணி நேரம் ஷவருக்கு அடியில் நின்று பாட்டுப் பாட மனசு வருமா? விளம்பரப் பலகையில் "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை. பக்கெட்டைத் தூக்கிக் காட்டி ஒரு பாட்டி சொன்னால் மறக்காது.

மூன்றாம் நாள்

காலையில் மாஸ் ஹுனி. சூரை மீன் துருவல், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்தது. கூட ரோஷி என்கிற மெல்லிய ரொட்டி. திவேகியில் மாஸ் என்றால் மீன். மாசிக் கருவாட்டுச் சம்பல் தின்று வளர்ந்தவர்களுக்கு இது புது ருசியாக இருக்காது. அந்த மாசி பல நூற்றாண்டாக இந்தத் தீவுகளிலிருந்துதான் கரையேறியது. இன்றைக்கும் இங்கே சூரையைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கிறார்கள். சூரைக்கு வலை போட அனுமதி இல்லை.

பிறகு கடலில் முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். தண்ணீருக்கு அடியில் முதலில் கேட்பது ஒரு சத்தம். கறுக், கறுக் என்று யாரோ முறுக்குக் கடிப்பது போல. கிளிமீன்! அலகு மாதிரி இருக்கிற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். கூடவே வயிற்றுக்குள் போன பவளத் துணுக்கை அரைத்து, பின்னால் வெள்ளைப் பொடியாக விட்டுவிட்டுப் போகும். அந்தப் பொடிதான் மணல். வக்காரு என்கிற மாலத்தீவுத் தீவைச் சுற்றி ஆராய்ந்து 2015-இல் வெளியான ஒரு ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன் தந்தது என்று கணக்கிட்டது. தேனிலவுப் படங்களில் வருகிற அந்த வெள்ளை மணலின் பூர்வீகம் இதுதான். சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் விஷயம் கனமானது. பவளம் உயிரோடு இருந்தால் கிளிமீன் இருக்கும், கிளிமீன் இருந்தால் மணல் வரும், மணல் வந்தால் தீவு நிற்கும்.

அந்தப் பவளம் 1998-இல் கடல் சூடாகி வெளுத்துப் பெருமளவு செத்தது. மெல்ல மீண்டு வந்தபோது 2016-இல் மறுபடியும் அடி. சராசரியாகக் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர்தான் இந்த நாட்டின் உயரம். 2004 சுனாமியில், காணாமல் போனவர்களையும் சேர்த்து, நூற்றுக்கும் மேல் உயிர்கள் போயின. கந்தொலுதூ என்கிற தீவு வாழவே லாயக்கில்லாமல் போய், ஊர் மொத்தமும் வேறு தீவில் குடியேற வேண்டியதாயிற்று. 2009 அக்டோபர் 17 அன்று அதிபர் முகமது நஷீத் அமைச்சரவைக் கூட்டத்தைத் தண்ணீருக்கு அடியில் நடத்தியது உலகத்துக்கு விநோதச் செய்தி. ஊர்க்காரர்களுக்கு அது விநோதம் இல்லை, பயம்.

சாயங்காலம் துறைமுகத்தில் குப்பைப் பைகள் குவிந்து கிடப்பதையும் பார்க்கிறார்கள். மாலேக்குப் பக்கத்தில் திலஃபுஷி என்று ஒரு தீவு. 1992 முதல் ஆழமில்லாத கடலில் குப்பையைக் கொட்டிக் கொட்டியே உண்டாக்கிய நிலம் அது. ரிஸார்ட் அறையில் குப்பைக்கூடை தினமும் மாயமாகக் காலியாகும். அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றாது. இங்கே கண்ணெதிரே படகில் ஏறுகிறது. நேற்று தாங்கள் குடித்துப் போட்ட பாட்டிலும் அதில் இருக்கலாம்.

யாருக்கு லாபம்?

சரி, ரிஸார்ட்டுக்குப் போனால் மட்டும் நாட்டுக்குக் காசு போகாதா? போகும். குத்தகை, வரி, பசுமை வரி என்று அரசாங்கக் கஜானாவுக்கு நிறையவே போகும். 2025 ஜனவரி முதல் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு ரிஸார்ட்டில் 12 டாலர், ஊர்த்தீவின் சின்ன கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். முன்பு இருந்ததைவிட இரட்டிப்பு. ஆனால் ஊர்த்தீவில் வரிக்கு மேலும் ஒன்று நடக்கிறது. அறை வாடகை ஒரு வீட்டுக்குப் போகிறது. மீன் வாங்கிய காசு இன்னொரு வீட்டுக்கு. படகுக்காரர், கடைக்காரர், வலை நாற்காலி பின்னுகிறவர் எல்லாரும் அதே தெருவில் இருக்கிறார்கள்.

முக்கியமாகப் பெண்கள். ரிஸார்ட் வேலை என்றால் வீட்டை விட்டு வாரக்கணக்கில் அந்தத் தீவிலேயே தங்க வேண்டும். அதனால் உள்ளூர்ப் பெண்கள் அங்கே வேலைக்குப் போவது மிகக் குறைவு. கெஸ்ட் ஹவுஸ் தன் ஊரிலேயே இருந்தால் காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். 1972-இலிருந்து வளர்ந்த ஒரு பெரிய தொழிலில், நாட்டில் பாதிப் பேர் பெரும்பாலும் வெளியே நின்று பார்த்தார்கள். கதவு கொஞ்சம் திறந்தது 2009-க்கு அப்புறம்தான்.

மறுபக்கமும் உண்டு

எதிர்த்துப் பேசுகிறவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. மாஃபுஷியையே பார்க்கலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஊர் முகமே மாறிவிட்டது. கான்கிரீட்டும் குப்பையும் கூட்டமும் வந்துவிட்டன. ரிஸார்ட் தீவில் கட்டடம் தென்னையைத் தாண்டக்கூடாது என்று பார்த்துக்கொள்வார்கள். ஊர்த்தீவில் அந்தக் கட்டுப்பாடு எங்கே? ரிஸார்ட்டைச் சுற்றி மீன் பிடிப்பதும் குறைவு, அதனால் அங்கே பவளப்பாறை பல இடங்களில் மேலும் நன்றாக இருக்கிறது. நீச்சலுடைக்கு வேலி போடுகிற நிலையை ஊர்க்காரர்களே எல்லாரும் விரும்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. எனவே போகிறவர்கள் எல்லாரும் ஒரே மாஃபுஷியில் போய் விழாமல், அதிகம் பேர் போகாத ஊர்த்தீவுகளையும் தேடிப் போனால் நல்லது.

இன்னொரு எதிர்வாதம் இன்னும் பலமானது. இரண்டு அறை வீட்டில் மாமனார் மாமியார், கொழுந்தன், நாத்தனார் என்று எல்லாரோடும் இருந்து, சத்தமாகச் சிரிக்கக்கூட யோசிக்கிற ஜோடிகள் ஏராளம். அவர்களுக்கு நான்கு நாள் தனிமை ஆடம்பரம் இல்லை, மூச்சு. அவர்களிடம் போய் "மறுபடியும் ஊருக்கு நடுவிலேயே தங்கு" என்று சொல்வது அநியாயமாகத் தெரியும்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒன்று புலப்படும். அவர்கள் தப்பிக்க நினைப்பது தங்களைத் தெரிந்தவர்களிடமிருந்து. தெரியாத ஊரில், தெரியாத மொழி பேசுகிற மனிதர்கள் நடுவில், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருந்தால் அந்தத் தனிமை முழுசாகவே கிடைக்கும். ரிஸார்ட்டிலும் ஆட்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? அங்கே ஒவ்வொரு விருந்தாளிக்கும் பின்னால் பெருக்குகிறவர், சமைக்கிறவர், படுக்கை விரிக்கிறவர் என்று பலர் இருக்கிறார்கள். பலர் வங்காளதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். படத்தில் விழாமல் ஒதுங்கி நிற்பதும் அவர்கள் வேலையில் ஒரு பகுதி. யாருமில்லாத தீவு என்பது இத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கிக் கொடுக்கிற தோற்றம்.

நான்காம் நாள்

நம் ஜோடி ரிஸார்ட்டுக்குப் போகிறது. குளிர்ந்த துண்டு, இளநீர், சிரித்த முகங்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளச் சொல்கிறார்கள். தண்ணீருக்கு மேலே நிற்கிற குடில். எல்லாம் கனவு கண்ட மாதிரியே இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. படியில் உட்கார்ந்து நான்கு பாதங்களையும் படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் மூன்று நாள் ஊர்த்தீவில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி தெரிகிறது. ஷவரைச் சீக்கிரம் மூடுகிறார்கள். கீழே தண்ணீரில் கிளிமீன் போனால் பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள். காபி கொண்டு வந்த பையனிடம் எந்தத் தீவு என்று கேட்கிறார்கள். அவன் ஒரு பெயர் சொல்கிறான். அங்கே அம்மா இருக்கிறாள், தங்கச்சி படிக்கிறாள், வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது என்கிறான். முதல் நாளே இங்கே வந்து இறங்கியிருந்தால் இந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது. காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போயிருப்பார்கள்.

வரிசை முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். முதல் நாட்களில் எதைப் பார்க்கிறோமோ அதை வைத்துத்தான் மற்ற நாட்களைப் பார்க்கிறோம். ரிஸார்ட்டை முதலில் பார்த்தவருக்கு ஊர்த்தீவு அழுக்காகத் தெரியும். ஊர்த்தீவை முதலில் பார்த்தவருக்கு ரிஸார்ட்டிலும் மனிதர்கள் தெரிவார்கள்.

இன்னும் சில பத்தாண்டுகளில் இந்தத் தீவுகளில் எத்தனை தண்ணீருக்கு மேலே நிற்கும் என்பது அங்கே குடியிருப்பவர்களின் கையில் மட்டும் இல்லை. அது முழுகுகிற காலம் வந்தால், யாருமில்லாத ஒரு படத்துக்காக யார் அழுவார்கள்? வலை நாற்காலியில் சாய்ந்திருந்த அந்தப் பாட்டியின் வீடு எங்கே என்று தெரிந்தவர்கள்தான் அழுவார்கள். அப்படித் தெரிந்தவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்குக் கொஞ்சமாவது கூடினால் நல்லதுதானே?

அடுத்த முறை நண்பர்கள் யாராவது கல்யாணமாகி மாலத்தீவுக்கு டிக்கெட் போட்டால், "ரிஸார்ட் வேண்டாம்" என்றெல்லாம் அறிவுரை சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. "முதல் மூணு நாள் ஊர்த்தீவுல இருங்க, அப்புறம் போங்க" என்று மட்டும் சொல்லுங்கள். காசும் மிச்சமாகும். இரண்டாம் நாள் சண்டை கட்டாயம் வரும், பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்!